ஒரு வாளி சுடுதண்ணீர்

ஹல்துமுல்லைக்கு அருகே பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. இலங்கையில் அதைவிட உயரமான நீர்வீழ்ச்சி இல்லை. உயரத்தில் இருந்ததால் தண்ணீரிடம் இருந்த ஆற்றல் அடியில் பாறையில் மோதியதும் வெப்பமாகிறது. அப்படியானால் கீழே தேங்கும் தண்ணீர் உச்சியில் ஓடும் தண்ணீரைவிடச் சற்றுச் சூடாக இருக்கவேண்டும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 0.6 டிகிரி செல்சியஸ் வருகிறது. கையை விட்டுப் பார்த்தால் தெரியாத சூடு அது. அந்த 0.6 டிகிரியும் நடைமுறையில் கைக்கு வராது. தூவானமாகச் சிதறும் நீரில் ஒரு பங்கு ஆவியாகிறது. ஆவியாகும்போது மீதித் தண்ணீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல். 1818ல் இங்கிலாந்தின் சல்ஃபோர்டில், பியர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பதவி எதையும் அவர் வகித்ததில்லை. பாரத்தை மேலிருந்து இறங்கவிட்டு, அது இறங்கும்போது தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரம் சுழலும்படி செய்து, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பொறுமையாக அளந்தார். 1847ல் திருமணமாகி ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போயிருந்தபோதும் கையில் நீண்ட வெப்பமானியோடு, அருவித் தண்ணீரின் சூட்டை அளக்கும் எண்ணத்தோடு இருந்தார் என்று, அங்கே அவரைச் சந்தித்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, நினைவுகூர்ந்திருக்கிறார். தூவானம் அந்த முயற்சிக்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் துடுப்புச் சக்கரம் ஏமாற்றவில்லை. 1850ல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரு இறாத்தல் தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, ஒரு இறாத்தல் பாரம் 772 அடி இறங்கவேண்டும். பம்பரகந்தவின் உயரம் அடியில் 863. பிற்காலத்தில் இன்னும் கவனமாக அளந்து அவர் கண்ட 772.55 என்ற எண் அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஊவா மலைநாட்டின் தெமோதரையில் புதுவீடு கட்டிக் குடிபோய், சுடுதண்ணீர் ஹீட்டர் போட நினைப்பவர்களுக்கு இந்த எண் வேண்டும். தண்ணீர் எளிதில் சூடேறாத பொருள். ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல் ஒன்பது மடங்கு, ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும். குளியலறையில் பொருத்தும் எந்தக் கருவியும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

தெமோதரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கொழும்பில் 27 டிகிரியாக இருக்கும்போது இங்கே 21 டிகிரியை ஒட்டி இருக்கும். தை மாதத்து அதிகாலையில், இரவெல்லாம் கூரைமேல் கிடந்த தொட்டித் தண்ணீரை 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 20 லீற்றர் வாளி ஒன்றை 18லிருந்து 40க்குக் கொண்டுவர 18 இலட்சத்து 40 ஆயிரம் ஜூல் வேண்டும். கரண்ட் பில்லின் கணக்கில் சொன்னால் அரை யூனிட்.

இந்த அரை யூனிட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு தோட்டத்து லயத்தில் அதே வாளியை அடுப்பில் சூடாக்கினோம். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த மிலாறு என்ற தேயிலைச் செடிக் குச்சி, காய்ந்தபின், கிலோவுக்கு ஒரு கோடியே ஐம்பது இலட்சம் ஜூல் வெப்பம் தரும். ஆனால் மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குகூடப் பானைக்குப் போய்ச் சேருவது கடினம். மீதி சுவரையும் கூரையையும் சூடாக்கிவிட்டுப் போகும், புகை அடுப்படியில் நிற்பவரின் நெஞ்சுக்குள் போகும். கணக்கு ஏறத்தாழ இப்படி வருகிறது: ஒரு வாளிக்கு ஒரு கிலோ விறகு. நான்கு பேர் குளிக்கும் வீட்டில் நாளுக்கு நான்கு கிலோ, மாதத்துக்கு 120 கிலோ. அவ்வளவையும் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் கொழுந்து எடுத்து முடித்த பிறகு. அந்தச் சுமை இறங்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அது இறங்கி எங்கே போய் ஏறுகிறது என்பதையும் பார்த்தாகவேண்டும்.

மின்சாரம் இப்போது ஊவாவிலிருந்தே வருகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி உமா ஓயா திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வெலிமடைப் பக்கம் புஹுல்பொல, டயரபா அணைகளில் தேக்கிய தண்ணீர் மலைக்குள் சுரங்கமாக ஓடி, எல்ல – வெல்லவாய வீதியோரம் கரந்தகொல்ல பகுதியில் நிலத்தடியில் இருக்கும் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 60 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு, மொத்தம் 120 மெகாவாட். தண்ணீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 700 மீற்றர், அதாவது இரண்டரைப் பம்பரகந்தவுக்கும் மேல். இத்தனை உயரம் இறங்கும் ஒரு லீற்றர் தண்ணீர், இயந்திரத்தில் வீணாவதைக் கழித்தபின், தருவது சுமார் 6,000 ஜூல். நம்முடைய வாளிக்கு வேண்டியதோ 18 இலட்சத்து 40 ஆயிரம். வகுத்துப் பாருங்கள்: தெமோதரையில் ஒரு வாளி தண்ணீர் குளிக்கும் சூட்டுக்கு வர, 300 லீற்றர் தண்ணீர் மலைக்குள் 700 மீற்றர் இறங்கவேண்டும்.

அந்தச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மின்சாரம் கம்பி வழியாகச் சத்தமில்லாமல் வருவதால் அதற்குக் கொடுத்த விலை இல்லையென்று ஆகிவிடாது. மாலையில் எல்லா வீட்டு விளக்கும் எரியும்போது நீர்மின்சாரம் மட்டும் போதாது. நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயில் ஓடும் நிலையங்களும் சேர்ந்தே ஈடுகொடுக்கின்றன. நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, சக்கரம் சுழற்றி, கம்பியில் அனுப்பி, கடைசியில் மறுபடியும் வெப்பமாக்கும் வழியில், முதலில் எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வாளிக்கு வந்து சேருகிறது.

வீட்டுக்கணக்குக்கு வருவோம். வாளிக்கு அரை யூனிட் என்றால் நான்கு பேருக்கு நாளைக்கு இரண்டு யூனிட், மாதத்துக்கு 60 யூனிட். இந்த 60 என்ற எண் நம் கரண்ட் பில்லில் ஒரு எல்லைக்கோடு. 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண முறை. அதைத் தாண்டிய வீட்டுக்கு வேறு. தாண்டியபின், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலை. இதுவரை விளக்கும் தொலைக்காட்சியும் அரிசி வேகும் குக்கருமாக 50 யூனிட்டுக்குள் இருந்த வீடு, சுடுதண்ணீர் ஹீட்டர் போட்ட மாதமே 110ல் போய் நிற்கும். ஹீட்டரில் கோளாறு என்று ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. தண்ணீரின் இயல்பு அது.

கடைகளில் “கரண்ட் குறைவாகக் குடிக்கும் ஹீட்டர்” என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். சுருள்கம்பியால் சூடாக்கும் எந்த ஹீட்டரும், வாளிக்குள் போடும் கம்பியானாலும் சுவரில் தொங்கும் தொட்டியானாலும், உள்ளே போன மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதுமாக வெப்பமாக்கிவிடுகிறது. ஒன்று மற்றொன்றைவிடச் சிக்கனமாகத் தண்ணீரைச் சூடாக்க இயற்கை இடம் தரவில்லை. வேறுபாடு மூன்றில்தான் இருக்கிறது: எவ்வளவு வேகம், எவ்வளவு தண்ணீர், சூடாக்கியதில் எவ்வளவு வீணாகிறது. சுற்றுப்புறக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் வெப்பப் பம்பு மட்டும் விதிவிலக்கு. ஒரு யூனிட் வாங்கி மூன்று யூனிட் வெப்பம் தரவல்லது அது. ஆனால் விலை, தோட்டத்து வருமானத்துக்கு இன்னும் எட்டவில்லை.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் அதிகம். குழாயைத் திறந்ததும் சூடாக வரும் உடனடி ஹீட்டர்களில் சாதாரணமானது 3.5 கிலோவாட். கொழும்பில் தண்ணீர் 27 டிகிரியில் வருகிறது. 38 டிகிரிக்கு ஏற்ற 11 டிகிரி போதும். நிமிடத்துக்கு நாலரை லீற்றர் ஓடும். அதே பெட்டியைத் தெமோதரைக்குக் கொண்டுவந்து பொருத்தினால் ஏற்றவேண்டியது 20 டிகிரி. இரண்டரை லீற்றர்தான் ஓடும். அத்தோடு முடியவில்லை. தோட்டத்துக்குள் நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில் மாலை நேரத்தில் 230 வோல்ட் 200 ஆக இறங்கிவிட்டால், சுருள்கம்பியின் வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 3.5 கிலோவாட் 2.65 ஆகிவிடும். ஓடுவது இரண்டு லீற்றருக்கும் கீழே. தலையில் ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் குளிரும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை ஆசையோடு வாங்கி அனுப்பியதை இப்படி வீண் என்று சொல்வது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கே அது நன்றாக வேலை செய்தது உண்மை. இன்னொரு தடையும் உண்டு. இந்தப் பெட்டிகளுக்குள் தண்ணீர் போதிய அழுத்தத்தோடு ஓடினால்தான் மின்சாரம் இணையும். தொட்டி குளியலறைக்கு ஒரு மீற்றர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் பல பெட்டிகளுக்குப் போதாது.

தொட்டி வைத்த கீசர் மெதுவாக வேலை செய்கிறது. அந்த மெதுவே மலைநாட்டுக்கு ஏற்றது. 1.5 கிலோவாட், 30 லீற்றர் கீசர் 18லிருந்து 60 டிகிரிக்குப் போக ஒரு மணிநேரம் எடுக்கும், ஒன்றரை யூனிட் செலவாகும். அந்த 30 லீற்றரைப் பச்சைத்தண்ணீரோடு கலந்தால் 38 டிகிரியில் 60 லீற்றருக்கு மேல் கிடைக்கும், மூன்று வாளி. வோல்ட் குறைந்தால் ஒரு மணிநேரம் ஒன்றேகால் மணிநேரமாகும், அவ்வளவுதான். குளிக்க ஒரு மணிநேரத்துக்கு முன் போட்டு, குளிக்கப் போகும்போது நிறுத்துங்கள். இரவும் பகலும் போட்டே வைத்தால் யாரும் குளிக்காத நாளிலும் தொட்டியின் உடம்பு வழியாக வெப்பம் கசிந்துகொண்டிருக்கும், மீட்டர் சுழன்றுகொண்டிருக்கும்.

சூட்டை 50 டிகிரிக்குக் கீழே வைத்துவிட்டால் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகும். அது நுரையீரலைத் தாக்கும். 60 டிகிரியில் அது பிழைப்பதில்லை. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தையின் தோலை இன்னும் விரைவாக. ஆகவே தொட்டிக்குள் 60, உடம்பில் படுவது 38 முதல் 40. இடையில் கலக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யவேண்டும். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அதன்மேல் சுடுதண்ணீர் என்பது ஒரு நல்ல பழக்கம்.

கீசரின் அடியில் ஒரு சிறு வால்விலிருந்து அவ்வப்போது தண்ணீர் சொட்டும். அதை அடைக்காதீர்கள். 30 லீற்றர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய அரை லீற்றர் விரிகிறது. அந்த அரை லீற்றருக்குப் போக வழி இல்லாவிட்டால் தொட்டி வெடிக்கும்.

இனி வயரிங். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் மற்றத் திட்டங்களிலும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் கட்டிக்கொடுத்த தனிவீடுகள் பலவற்றுக்கு மின்சாரம் வந்துவிட்டது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் பிழைத்தவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் கொடுத்தவையும் இப்படிப்பட்ட வீடுகளே. எந்தப் புதுவீடானாலும் விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் போட்ட கம்பியில் ஹீட்டரைச் செருகக்கூடாது. 3.5 கிலோவாட் ஹீட்டர் 15 அம்பியர் இழுக்கும். நாம் பயன்படுத்தும் சதுர முனைப் பிளக் 13 அம்பியருக்கு மேல் தாங்காது. கம்பியில் பாயும் மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் 1840ஆம் ஆண்டளவில் கண்டுபிடித்தவர் அதே ஜூல்தான். தளர்ந்த ஒரு பிளக்கில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 15 அம்பியர் பாயும்போது 22 வாட் அங்கே வெப்பமாகிறது. ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் ஒன்றைச் சுவருக்குள் எரியவிட்டதற்கு அது சமம். ஆகவே ஹீட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர், ஈரம் படாத இடத்தில் தனி சுவிட்ச்.

அதைவிட முக்கியம் எர்த். இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பிதான் பாதுகாப்பு. ஹீட்டருக்குள் சுருள்கம்பி வெடித்து மின்சாரம் அதன் இரும்பு உடலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பிக்கு மண்ணோடு 20 ஓம் தடை இருந்தால் 230 வோல்ட்டில் அதன் வழி 11 அம்பியருக்குச் சற்று மேல்தான் பாயும். 20 அம்பியர் பிரேக்கர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும்; விழாது. ஹீட்டரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும், நனைந்த கையோடு யாராவது தொடும்வரை. தென்மேற்குப் பருவத்தில் மற்ற மலைகளில் மழை கொட்டும்போது ஊவாப் பக்கம் காய்ந்த காற்றுத்தான் வீசுகிறது. அந்த மாதங்களில் மண் வரண்டு எர்த்தின் தடை இன்னும் கூடும்.

இங்கே நம்மைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். வீட்டுக்குள் போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் ஒன்றா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 0.03 அம்பியர் வேறுபட்டாலே, ஒரு விநாடியின் சிறு பங்கு நேரத்துக்குள் துண்டித்துவிடும். அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ட்ரிப் விழுவது கோளாறு அல்ல. எங்கோ கசிவு இருக்கிறது என்ற சேதி.

வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி, விலை குறைவு என்பதால் பல வீடுகளில் இருக்கிறது. மூன்று வகையிலும் ஆபத்து மிகுந்தது அது. பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால் வரிசை தவறக்கூடாது: முதலில் தண்ணீர், பிறகு கம்பி, கடைசியில் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றுங்கள். சூடு பார்க்க விரலை விடுவது அதற்குப் பின்தான்.

அறையைச் சூடாக்கும் ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருக்கும் காற்றை 10 டிகிரி உயர்த்த ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கும் வேண்டாம். ஆனால் சீலிங் இல்லாத தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் கூரையோ அந்த வெப்பத்தை நிறுத்திவைக்காது. அந்த ஓர் அறையின் கூரை வழியாக மட்டும் முக்கால் கிலோவாட் போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஹீட்டருக்குச் செலவழிக்கும் காசில் சீலிங் அடியுங்கள். குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் இரவுக் குளிருக்கு ரப்பர்ப் பையில் இரண்டு லீற்றர் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிக் கம்பளிக்குள் வைத்தால் போதும். எளிதில் சூடேறாத தண்ணீர் எளிதில் ஆறுவதுமில்லை.

வெயிலை மறந்துவிட்டோம். மலை ஊற்றிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால், பிற்பகலில் முதலில் வரும் தண்ணீர் சூடாக இருப்பதைத் தோட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் வெயிலில் பாதியைப் பிடித்தாலே 100 லீற்றர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்தலாம். அதைச் செய்யும் சூரிய ஹீட்டர் விலை கூடியதுதான். ஆனால் கூரைமேல் கறுப்புக் குழாயைச் சுருட்டி வைப்பதற்கோ, கறுப்புப் பூசிய பீப்பாய் வைப்பதற்கோ பெரிய செலவு இல்லை. கொழுந்து நிறுத்துவிட்டு நாலரை மணிக்கு வீடு திரும்புபவருக்கு அந்த நேரத்தில் தண்ணீர் தானாகச் சூடாக இருக்கும். மழையும் மூடுபனியும் சூழும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மட்டும் கைகொடுக்காது. அப்போது கீசரைப் போடுங்கள்.

மாலைக் குளியலுக்கு வெயில், அதிகாலைக்கும் மழைக்காலத்துக்கும் சிறு கீசர், அவசரத்துக்கு அடுப்பு என்பதே தெமோதரைக்குப் பொருந்தும் ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். எதை வாங்குவதானாலும் கடைக்குப் போவதற்கு முன் மெயின் போர்டைத் திறந்து, ட்ரிப் சுவிட்சில் உள்ள சிறிய டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் நின்றால் சுவிட்ச் வேலை செய்கிறது. பிறகு தகுதியுள்ள ஒரு மின்பணியாளரைக் கொண்டு எர்த்தின் தடையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியும் விழாவிட்டால், ஹீட்டருக்குச் சேர்த்த காசில் முதலில் புது ட்ரிப் சுவிட்சையும் நல்ல எர்த்தையும் போடுங்கள். ஹீட்டரை அடுத்த மாதம் வாங்கலாம்.